சிலியின் 1835 செம்புக் காசு வாங்குவோர் கவனத்துக்கு

சிலி நாட்டின் 1835ஆம் ஆண்டு ஒரு சென்டாவோ காசைத் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். ஓட்டையை அடைத்துச் சாயம் பூசிய காசு ஒன்றை, ‘சுத்தம் செய்யப்படாதது’ என்று எழுதி என் தலையில் கட்டியிருக்கிறார், சாண்டியாகோவிலிருந்து இணையத்தில் விற்கும் ஒருவர்.

முன்புறம் ஐந்துமுனை நட்சத்திரம். பின்புறம் மதிப்பு, அதைச் சுற்றி ‘சிக்கனமே செல்வம்’ என்ற பொருளில் ஸ்பானிய வாசகம். 1818இல் விடுதலையை அறிவித்த அந்நாடு எட்டு ரியாலுக்கு ஒரு பெசோ என்ற பழைய கணக்கிலேயே வெள்ளியைப் புழங்கிக்கொண்டு, செம்பில் மட்டும் பெசோவில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது சென்டாவோ, என்று அடித்தது. தசம முறை முழுதாக வர 1851 ஆகிவிட்டது. இந்தக் கோணல் கணக்குக்காகவே அந்தக் காசின் மேல் எனக்கு ஆசை.

வந்த காசில் முதலில் உறுத்தியது நிறம். புழங்கிய செம்பில் மேடுகள் சற்று வெளிறியும் எழுத்துகளின் இடுக்குகள் கறுத்தும் இருக்கும். இதில் எல்லா இடமும் ஒரே பழுப்பு. தூய அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்ததும் பழுப்பு பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் இளஞ்சிவப்பு உலோகம், அதன் மேல் கம்பித் தூரிகையின் கீறல்கள். லென்ஸில் பார்த்தால் நாட்டின் பெயருக்கு நடுவே மெல்லிய வட்டம். திருப்பினால் அதற்கு நேர் பின்னாலும் அதே வட்டம். யாரோ கழுத்தில் கோத்துக்கொண்ட காசு! அடைத்த இடத்தில் எழுத்தை உளியால் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். அதன் கால் மற்றவற்றைவிட ஒல்லி.

படங்களை அனுப்பிக் கேட்டேன். “அசிட்டோன் பட்ட காசைத் திரும்ப எடுக்க மாட்டேன்” என்றார். ஓட்டையும் அசிட்டோனால் வந்ததா என்று கேட்டதும் பேச்சு மாறியது: கால் பங்குப் பணம் தருகிறேன், நல்ல மதிப்புரை எழுதுங்கள். மறுத்துவிட்டேன்.

நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இவை எதுவும் தெரியாது. காசைச் சாய்த்துச் சுழற்றும் காணொளியும் விளிம்பின் படமும் எடையும் கேளுங்கள். நேரில் வாங்கினால் விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டிப் பாருங்கள். அடைத்த காசு பெரும்பாலும் மந்தமாக ஒலிக்கும்.

என் முறையீடு விற்பனைத் தளத்தில் நிலுவையில் இருக்கிறது. இதற்கிடையில் அவர் 1845ஆம் ஆண்டுப் பராகுவே செம்புக் காசு ஒன்றைப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார். சிங்கத்தின் பிடரியிலிருந்து விளிம்புவரை அதே பழுப்பு.