யேட்ஸுக்குப் பிறகு யாரைப் படிப்பது?

அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் யேட்ஸின் 'ரெவல்யூஷனரி ரோடு' (1961) நாவல் என்னை விடவே இல்லை. கல்யாண வாழ்க்கையின் கசப்பை இவ்வளவு உள்ளே போய் எழுதியவர்கள் வேறு யார் என்று தேடினால் பவுலா ஃபாக்ஸ், ஜேம்ஸ் ஸால்ட்டர், ஈவன் கானெல் என்று மூன்று பெயர்கள் வந்து நிற்கும். மூன்று பேரையும் அடுத்தடுத்துப் படித்தேன். என் ஓட்டு ஃபாக்ஸுக்கு.

மூன்று பேருமே அமெரிக்கர்கள், வசதியான வீடுகளின் துக்கத்தை எழுதியவர்கள். அதை வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியாது. யேட்ஸிடம் நம்மை உலுக்குவது எது என்று பார்க்க வேண்டும். அந்த நாவலின் கணவன் ஃபிராங்க் வீலர் இருட்டில் சிகரெட் பற்றவைக்கும்போதுகூட முகத்தைக் கம்பீரமாக இறுக்கிக்கொண்டுதான் தீக்குச்சியை உரசுவான். அந்த வெளிச்சத்தில் முகம் எப்படித் தெரியும் என்று எப்போதோ கண்ணாடி முன் ஒத்திகை பார்த்து வைத்திருப்பவன். மனைவியிடம் சண்டை போடும்போதும் அப்படித்தான், பாதி நடிப்பு. தெரிந்தே தன்னை ஏமாற்றிக்கொள்ளும் இந்தக் குணம் யாரிடம் கிடைக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

ஃபாக்ஸின் 'டெஸ்பரேட் கேரக்டர்ஸ்' (1970) இதில் தாராளமாகத் தேறுகிறது. புரூக்ளினில் சோஃபி, ஓட்டோ என்ற தம்பதி. கணவன் வேண்டாம் என்று சொல்லியும் பின்வாசலுக்கு வந்த தெருப் பூனைக்கு சோஃபி பால் வைக்கிறாள், அது கையைக் கடித்துவிடுகிறது. அன்று ராத்திரியே அந்தக் கையோடு விருந்துக்குப் போகிறாள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறாள். ஓட்டோவும் சளைத்தவன் இல்லை. வக்கீல் தொழிலில் கூட்டாளியாக இருந்த நண்பன் பிரிந்து போகிற வலியை எரிச்சலாக மாற்றிக்கொண்டு திரிகிறான். மொத்தக் கதையும் ஒரு வார இறுதிதான். பூனைக்கு வெறிநோய் இருக்குமோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் ஏற ஏற, மறைப்பது கடிபட்ட கையை மட்டும்தானா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். பல வருடம் அச்சில் இல்லாமல் கிடந்த நாவல் இது. நாவலாசிரியர் ஜோனதன் ஃபிரான்ஸன் 1996இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் இதைப் பற்றி எழுதிய பிறகு, 1999இல் மறுபதிப்பு வந்தது.

ஸால்ட்டரின் 'லைட் இயர்ஸ்' (1975) நடையழகில் இதைவிட ஒரு படி மேல், மறுப்பதற்கில்லை. விரி, நெட்ரா என்ற தம்பதி, ஹட்சன் ஆற்றங்கரை வீடு, விருந்துகள், குழந்தைகள். ஆனால் வருடங்கள் ஓட ஓட வலி இனிய நினைவாகக் கரைந்துவிடுகிறது, யேட்ஸிடம் வரும் மூச்சுமுட்டல் இல்லை. அவருடைய சிறுகதைகளை நான் அதிகம் படித்ததில்லை என்பதால், இந்த ஒரு நாவலை வைத்துத்தான் சொல்கிறேன்.

கானெலின் 'மிஸஸ் பிரிட்ஜ்' (1959) கான்சஸ் சிட்டி கதை. 117 குட்டி அத்தியாயங்கள், எளிய ஆங்கிலம். ஆங்கில நாவல் பழக்கம் குறைவு என்றால் இங்கே தொடங்கலாம். ஆனால் மிஸஸ் பிரிட்ஜுக்குத் தன் துக்கம் என்னவென்றே பிடிபடுவதில்லை, அதனால் இது வேறு ருசி. அதே குடும்பத்தைக் கணவன் பக்கமிருந்து சொல்லும் 'மிஸ்டர் பிரிட்ஜ்' 1969இல் வந்தது. இரண்டையும் படிப்பதாக இருந்தால் மனைவியின் புத்தகத்தை முதலில் எடுங்கள்.