பல கிளைகளில் ஏபி தன் கன்ட்ரோலரைத் தேடிச் சேர்வது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஏபி என்பது வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட்; கன்ட்ரோலர் அவற்றை மையமாக நிர்வகிக்கும் கருவி; கேப்வேப் இரண்டும் பேசிக்கொள்ளும் நெறிமுறை. சிஸ்கோ கேப்வேப் ஏபிகளைப் பல கிளைகளில் ஓட்டும்போது முதலில் பிடிபட வேண்டியது ஒன்று: கன்ட்ரோலரைக் கண்டுபிடிப்பது வேறு, சரியான கன்ட்ரோலரில் சேர்வது வேறு. ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியில், கன்ட்ரோலர் முகவரியை ஏபிக்குச் சொல்லும் ஆப்ஷன் 43 போட்டதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடும் இடங்களில்தான் பின்னால் தலைவலி.

ஏபி ஒரே வழியை நம்பி இருப்பதில்லை. சப்நெட் பிராட்காஸ்ட் (தன் உள்ளூர் நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுப்பது), டிஎச்சிபி, டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை), முன்பு சேர்ந்த கன்ட்ரோலர்களின் சேமித்த முகவரிகள் என எல்லா வழியிலும் கேட்கும். பதில் தந்தவற்றில் பிரைமரி, செகண்டரி, டெர்ஷரி என்று நாம் எழுதி வைத்தது இருந்தால் அந்த வரிசைப்படி சேரும். எதுவும் எழுதாவிட்டால் சுமை குறைந்த கன்ட்ரோலருக்குப் போய்விடும், அது எத்தனை தொலைவில் இருந்தாலும்.

அப்படிப் போனால் என்ன கெட்டுவிடும்? அங்கே மென்பொருள் பதிப்பு வேறாக இருந்தால், ஏபி அந்தப் பதிப்பின் இமேஜை (மென்பொருள் கோப்பை) கிளைகளை இணைக்கும் வேன் இணைப்பு வழியாக இறக்கி ரீபூட் ஆகும். ஒரு கிளையின் ஏபிகள் எல்லாம் ஒரே நேரத்தில் இப்படி இறக்கினால் மெல்லிய லைன் திணறிப்போகும். ஏபி ஃபால்பேக் (பிரைமரிக்குத் திரும்பும் வசதி) இயக்கத்தில் இருந்தால் பிரைமரி மீண்டதும் திரும்பி வரும்; பதிப்பு மாறியிருப்பதால் மறுபடி இமேஜ் வேலை, மறுபடி ரீபூட். அதனால் எல்லாக் கன்ட்ரோலர்களிலும் ஒரே பதிப்பு என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிரைமரியை எழுதும்போது கன்ட்ரோலர் பெயரைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட அப்படியே தர வேண்டும். அந்தக் கன்ட்ரோலர் வேறு மொபிலிட்டி குரூப்பில் (சேர்ந்து இயங்கும் கன்ட்ரோலர்களின் தொகுதி) இருந்தால் ஐபியும் அவசியம். இரண்டையும் எப்போதும் தருவதே நல்லது.

ஆப்ஷன் 43-ல் அதிகம் சறுக்குவது ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை). முதலில் எஃப்1, அடுத்து நீளம், பிறகு முகவரி. நீளம் என்பது கன்ட்ரோலர் எண்ணிக்கை பெருக்கல் நான்கு. 10.16.20.5 என்ற ஒரே கன்ட்ரோலருக்கு எஃப்1 04 0ஏ 10 14 05. இதோடு 10.32.20.5-ஐயும் சேர்த்தால் எஃப்1 08 0ஏ 10 14 05 0ஏ 20 14 05. பலர் 16-ஐ அப்படியே 16 என்று எழுதிவிடுகிறார்கள். ஹெக்ஸில் 16 என்று எழுதினால் நம் வழக்கமான கணக்கில் அது 22, ஆகவே ஏபி இல்லாத முகவரியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். முகவரியைக் கூட்டிவிட்டு நீளத்தை 04 என்றே விடுவதும் அடிக்கடி நடக்கிறது. வேறு நிறுவன ஏபிகளான யூனிஃபை, ரக்கஸ், அருபா ஆகியவற்றுக்கு இந்த வடிவம் செல்லாது. சிஸ்கோ ஏபிகளுக்குத் தனி விலேன் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்), தனி ஸ்கோப் (டிஎச்சிபி முகவரித் தொகுப்பு) வைத்தால் இந்தக் கலப்படமே வராது.

டிஎன்எஸ் வழி பராமரிக்க எளிது. ஆனால் ஏபி தேடுவது டிஎச்சிபி ஆப்ஷன் 15-ல் வரும் டொமைனுக்குள். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே டொமைன் என்றால் எல்லாருக்கும் ஒரே பதில்தான். கிளைக்கொரு துணை டொமைன் கொடுத்து, ஒவ்வொன்றிலும் சிஸ்கோ-கேப்வேப்-கன்ட்ரோலர் பெயருக்கு அந்தக் கிளையின் கன்ட்ரோலரைக் காட்டினால் பிரிந்துவிடும்.

ஃபயர்வாலில் யுடிபி போர்ட்கள் 5246, 5247 இரண்டும் திறந்திருக்க வேண்டும். முதலாவது கட்டுப்பாட்டுக்கு, இரண்டாவது டேட்டாவுக்கு. 5247 அடைபட்டிருந்தால் ஏபி சேர்ந்தது போலத் தெரிந்து, சிறிது நேரத்தில் கழன்றுவிடும், மறுபடி சேரும். இதை வன்பொருள் பழுது என்று நினைத்து ஏபியை மாற்றுபவர்கள் உண்டு. டிஸ்கவரிக்குப் பதில் வந்தும் டிடிஎல்எஸ் நிலையிலேயே (பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் கட்டம்) நின்றால் கன்ட்ரோலரின் தேதியைப் பாருங்கள். தேதி தவறினால் சான்றிதழ் சோதனை தோற்கும். நேரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி கட்டாயம்.

கிளை மாற்றி அனுப்பும் ஏபிகளில் தனி கவனம் வேண்டும். பழைய பிரைமரியும் பழைய முகவரிகளும் அதன் நினைவிலேயே இருக்கும். பழைய கன்ட்ரோலருக்கு நெட்வொர்க்கில் வழி (ரூட்) இருந்தால் புதிய கிளையின் ஆப்ஷன் 43 எவ்வளவு சரியாக இருந்தாலும் பழைய வீட்டுக்கே போகும். பெட்டியில் போடும் முன்பே ரீசெட் செய்து, புதிய பிரைமரியை எழுதி அனுப்புங்கள்.