சிறிய எஸ்யூவியில் படகு இழுத்தல்: மெல்பர்னிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மெல்பர்னின் தென்கிழக்குப் புறநகரில் வசிக்கும் நாங்கள், 4.5 மீட்டர் நீளமுள்ள அலுமினியப் படகு ஒன்றைச் சில ஆண்டுகளாக மஸ்டா சிஎக்ஸ்-5 டீசல் காரில் இழுத்துச் சென்று வருகிறோம். வார இறுதிகளில் பெரும்பாலும் வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் உள்ள ஹேஸ்டிங்ஸ் வரையிலும், கோடை விடுமுறையில் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள லேக்ஸ் என்ட்ரன்ஸ் வரையிலும் போவது வழக்கம். இவ்வளவு சிறிய கார் இதற்குத் தாங்குமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது இழுவைத் திறன் எத்தனை கிலோ என்பதைத்தான். பிரேக் பொருத்திய டிரெய்லர் என்றால் 1800 கிலோ, பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோ என்பது ஆஸ்திரேலியாவில் இந்தக் காருக்குரிய வரம்பு. இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு மிகக் குறைவாக உதவிய எண் அந்த 1800 என்றுதான் சொல்வேன்.

படகு விற்பவர்கள் சொல்லும் எடை பெரும்பாலும் வெறும் உடற்கூட்டின் எடை மட்டுமே. எங்கள் படகின் கூடு ஏறத்தாழ 320 கிலோ. அதன்மேல் 50 குதிரைத்திறன் எஞ்சின், டிரெய்லர், நிரப்பிய பெட்ரோல் டேங்க், பேட்டரி, நங்கூரம், சங்கிலி, உயிர்காப்பு அங்கிகள், ஐஸ் நிரப்பிய பெட்டி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, எடை மேடையில் ஏற்றியபோது 840 கிலோ காட்டியது. ஆஸ்திரேலிய விதிப்படி, சுமையுடன் டிரெய்லர் அச்சின் மீது இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ஆகவே, விளம்பரத்தில் உள்ள எடையைப் பார்த்துப் பிரேக் இல்லாத டிரெய்லரை வாங்க நினைப்பவர்கள், ஒருமுறை முழுச் சுமையோடு எடை மேடைக்குப் போய்வருவது நல்லது.

உண்மையில் கவனிக்க வேண்டியது, டிரெய்லரின் முன்முனை காரின் பின்னால் உள்ள இழுவைக் கம்பியின் (டோபார்) குமிழ் மீது கீழ்நோக்கி அழுத்தும் எடை. மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கே இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. குளியலறை எடைக் கருவியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரைச் சமதளத்தில் வைத்து, அதன் முன்முனையை அந்தக் கட்டையின் மீது இறக்கினால் வீட்டிலேயே இதை அளந்துவிடலாம். எங்களுடையது 80 கிலோவை ஒட்டி நிற்கிறது. ஐஸ் பெட்டியையும் உதிரி பெட்ரோல் கேனையும் படகின் பின்பக்கம், எஞ்சினுக்கு அருகில் வைத்தால் இந்த எண் சட்டெனக் குறைகிறது. எஞ்சினின் எடை ஏற்கெனவே பின்னால் இருப்பதால், அதே சாமான்களை இரண்டு மீட்டர் முன்னே நகர்த்துவது பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. முன்முனை லேசாகிவிட்டால், நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடந்து போகும்போதோ பக்கக் காற்று அடிக்கும்போதோ டிரெய்லர் ஆடத் தொடங்கும். அவ்வேளையில் அவசரமாகப் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுப்பதே பாதுகாப்பானது.

இந்த 80 கிலோவும் காரின் சுமைக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், நெம்புகோல் விளைவில் பின் சக்கரங்களின் மீது தன் எடையைவிட அதிகமாக அழுத்தி, முன் சக்கரங்களின் பாரத்தைக் குறைக்கிறது. நான்கு பெரியவர்களும் டிக்கி நிறையச் சாமான்களுமாகப் புறப்பட்டால், இழுவை வரம்பில் பாதியைக்கூடத் தொடாத நிலையிலேயே காரின் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்குகள் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். பெரிய நான்கு சக்கர இயக்க வாகனத்தோடு ஒப்பிட்டால், சிறிய எஸ்யூவி முதலில் திணறுவது இங்கேதான், எஞ்சினில் அல்ல.

காரின் எஞ்சினைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. நிமிடத்துக்கு 2000 சுழற்சியில் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைப்பதால், மேட்டில் ஏறும்போது கியர்பாக்ஸ் அடிக்கடி கீழிறங்கித் தடுமாறுவதில்லை. கலிம்னாவிலிருந்து லேக்ஸ் என்ட்ரன்ஸுக்கு இறங்கும் சரிவில் மட்டும் கியரை நானே குறைத்து, எஞ்சினின் எதிர்ப்பால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறேன். வெறும் காராக நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் அளவில் குடிக்கும் டீசல், படகோடு போகும்போது பதினொன்றை நெருங்குகிறது. எடையைவிடக் காற்றுத் தடையே இதற்கு முதன்மைக் காரணம் என்று நினைக்கிறேன். வேகத்தை 90இல் வைத்தால் கணிசமாகக் குறைகிறது.

படகை நீரில் இறக்கி ஏற்றும் சரிவான ராம்பில் எங்கள் காரின் நான்கு சக்கர இயக்கத்தின் பயன் நன்றாகத் தெரியும். போர்ட் பிலிப் விரிகுடாவில் நீர்மட்ட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் அங்கே பெரிய சிக்கல் இல்லை. வெஸ்டர்ன் போர்ட்டிலோ அது மூன்று மீட்டர் அளவுக்குப் போகும். நீர் வற்றிய வேளையில், பாசி படிந்த கீழ்ப்பகுதியில் சக்கரங்களை வைத்துத்தான் படகை மேலே இழுக்க வேண்டியிருக்கும். முன் சக்கர இயக்கக் கார்கள் அங்கே நின்ற இடத்திலேயே சக்கரம் சுழல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே பாரம் குறைந்த முன் சக்கரங்களே இழுக்க வேண்டியிருப்பதால், அந்த நிலைக்கு ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்னோக்கி எடுப்பதில் குட்டையான டிரெய்லர் நீளமானதைவிடச் சிரமம் தரும். சற்றே திருப்பினாலும் மடங்கிவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தும் முறை எனக்குச் சரியாக அமைந்தது.

பராமரிப்புச் செலவு காரைவிட டிரெய்லருக்கே அதிகம். நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கர பேரிங்கை உடனே உப்பு நீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு கிரீஸ் கெட்டு, துரு ஏறி, ஒருநாள் நடுவழியில் சக்கரம் இறுகிவிடும். ஆகவே ராம்புக்கு வந்ததும் கட்டுகளை அவிழ்ப்பது, விளக்கு இணைப்பைக் கழற்றுவது போன்ற வேலைகளை முதலில் நிதானமாக முடித்து, சக்கரக் குடத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடு தணிந்த பிறகே நீரில் இறக்குகிறேன். வீடு திரும்பியதும் பிரேக் பாகங்களை நன்னீரால் கழுவுவதும் தவறாத வழக்கம்.

புதிதாகக் கார் வாங்குபவர்கள் மாடலின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2019இல் வந்த தலைமுறை டொயோட்டா ராவ்4 ஹைப்ரிடை எடுத்துக்கொண்டால், ஆஸ்திரேலியாவில் நான்கு சக்கர இயக்கமுள்ளதற்கு 1500 கிலோ வரம்பு; வெளித்தோற்றத்தில் அதேபோல் இருக்கும் இரு சக்கர இயக்க ஹைப்ரிடுக்கோ வெறும் 480 கிலோதான். எங்களுடையது போன்ற படகை அதன் பின்னால் மாட்டவே முடியாது.