கடைக்குப் போர்டு வைக்கப் போகிறீர்களா? எந்தப் பசை என்று எழுதி வாங்குங்கள்

கடைக்குப் புதிதாகப் பெயர்ப் பலகை செய்யக் கொடுக்கிறவர்கள் முன்பணம் நீட்டுவதற்கு முன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். வேலூரில் தையல் சாமான் கடை வைத்திருக்கிறேன். கோடைக்கு முன்னால் மாட்டிய போர்டிலிருந்து மே மாதத்துக்குள் எழுத்துகள் கழன்று விழ ஆரம்பித்தன. முதலில் விழுந்தது ஓரம் கூர்மையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டி எழுத்து. அது விழுந்த இடத்தில்தான் சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவுக்கு நிற்பார்கள். காலை நேரம் என்பதால் அங்கே யாரும் இல்லை. பணம் போனதைவிட அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

கொட்டேஷனில் எழுதியிருந்தது இதுதான்: அடியில் 4 மில்லிமீட்டர் ஏசிபி ஷீட் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த பலகை), மேல் வரிக்கு ஸ்டீல் எழுத்து, கீழ் வரிக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக் எழுத்து, பின்னால் எல்இடி. ஸ்டீல் எழுத்துகளுக்கு ஸ்டட் (மரை போட்ட கம்பி) போட்டு ஷீட்டைத் துளைத்துப் பின்பக்கம் நட்டு முடுக்குவோம், மற்றதற்கு நியூட்ரல் சிலிக்கானும் (காயும்போது அமிலம் விடாத ரப்பர் பசை) விஹெச்பி என்ற இருபக்கமும் ஒட்டும் ஃபோம் டேப்பும் என்று போர்டு கடைக்காரர் வாயால் சொன்னார். "கம்பெனி சாமான்தான்க்கா, அஞ்சு வருஷம் அசையாது" என்றார். ஆனால் பில்லில் வந்தது "த்ரீடி லெட்டர் போர்டு, கம்ப்ளீட்" என்ற ஒற்றை வரி. ஸ்டட் இல்லை, டேப் இல்லை, சிலிக்கான் இல்லை. சொன்ன எதையும் செய்யாமல் விட அந்த ஒரு வரி போதும்.

எழுத்து விழுந்ததும் போன் செய்தேன். "வேலூர் வெயிலுக்கு எந்த போர்டும் இப்படித்தான்க்கா" என்றார். ஒரு பையனை அனுப்பினார். சின்ன டியூபில் வரும் உடனடிப் பசையைச் சொட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு அவன் போய்விட்டான். மறுநாள் அக்ரிலிக்கைச் சுற்றி வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி படலம். அந்த வாரமே பக்கத்து எழுத்தும் விழுந்தது. அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. ஆள் வைத்துக் கேட்டதற்கு, புதுசாக ஒட்ட வேண்டுமானால் தனிக் கூலி என்று பதில் வந்தது.

பிறகு காட்பாடிப் பக்கம் பல வருடமாக இந்த வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்து, போர்டை இறக்கிப் பிரித்துப் பார்த்தோம். அவர் காட்டியதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழுந்த எழுத்தின் முதுகில் பசை முழுசாக அப்படியே இருந்தது. ஷீட்டின் பக்கம் ஒரு துளிகூட இல்லை. பசை தானே கிழிந்திருந்தால் இரண்டு பக்கமும் மிச்சம் இருக்கும். ஒரு பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தால் அந்தப் பரப்பைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம், என்றார். நகத்தால் சுரண்டிக் காட்டினார். ஏசிபி ஷீட்டின் மேல் பாதுகாப்புக்கு ஒட்டி வருமே, அந்த பிளாஸ்டிக் ஃபிலிம்! எழுத்துக்கு வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் அதைக் கத்தியால் வெட்டி உரித்திருக்கிறார்கள். எழுத்துக்கு அடியில் அப்படியே விட்டு அதன் மேல் பசை தடவியிருக்கிறார்கள். உலகத்தில் எந்தப் பசை போட்டாலும் ஃபிலிமோடு சேர்ந்து கழன்றுதான் வரும். இது தெரியாமல் நடக்கிற தவறு இல்லை. உரிக்கிற நேரத்தை மிச்சம் பிடித்த வேலை.

வெயில் மேல் போர்டு கடைக்காரர் போட்ட பழிக்கும் பெரியவர் பதில் சொன்னார். சூடேறினால் அக்ரிலிக், அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு நீளும். ஒரு மீட்டர் அக்ரிலிக் பட்டை 40 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினியம் 1 மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த இழுபறியை நடுவில் இருக்கிற பசைதான் தினமும் தாங்க வேண்டும். உடனடிப் பசை காய்ந்தால் கண்ணாடி போல விறைத்துவிடும், இழுவைக்கு வளைந்து கொடுக்காது. நியூட்ரல் சிலிக்கானும் நல்ல ஃபோம் டேப்பும் ரப்பர் போல நீண்டு சுருங்கும். வெயில் எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது. அதற்கேற்ற பசையைப் போடுவதற்குத்தானே நாம் காசு கொடுக்கிறோம்?

எல்இடி பாதி எரியாமல் போனதற்கும் காரணம் கிடைத்தது. மாட்டிய அன்று கடை முழுக்க வினிகர் வாடை. அது அசிட்டிக் வகை சிலிக்கான். காயும்போது அமிலம் விடும், தாமிரத்தை அரிக்கும். பெட்டிக்குள் ஒயர் முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. இது கண்ணாடித் தொட்டி ஒட்ட நல்ல பொருள். எல்இடி பெட்டிக்குள் போடக் கூடாது. அதற்கு நியூட்ரல் என்று டியூபிலேயே போட்ட வகைதான் வேண்டும். அப்படியும் டியூபின் தேதியைப் பாருங்கள். பழைய சிலிக்கான் சரியாகக் காயாது. தவிர, காற்றிலுள்ள ஈரத்தில்தான் அது காயும், ஓரத்திலிருந்து உள்ளே நாளுக்கு 2, 3 மில்லிமீட்டர் என்ற கணக்கில். அகலமான இரண்டு தகட்டுக்கு நடுவில் முழுக்கத் தடவினால் நடுப்பகுதி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். கோடு கோடாக இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

டேப் விஷயம் தனி. எனக்குப் போட்டிருந்தது ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வெள்ளை ஸ்பாஞ்சு டேப். விஹெச்பி என்பது த்ரீ எம் கம்பெனியின் டேப். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 55 சதுர சென்டிமீட்டர் டேப் வேண்டும் என்பது அதற்கான கணக்கு. ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்துவிட்டு, ஒட்டிய பிறகு நன்றாக அழுத்த வேண்டும். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். என் போர்டை மத்தியானம் ஒட்டி, இருட்டுவதற்குள் தூக்கி மாட்டிவிட்டார்கள். நல்ல டேப்பாக இருந்திருந்தாலும் அதற்கு அவகாசமே இல்லை. கனமான ஸ்டீல் எழுத்துக்கு டேப்போ பசையோ எதுவானாலும் துணைக்குத்தான், ஸ்டட் கட்டாயம் வேண்டும் என்கிறார் பெரியவர். நானும் அதையே சொல்வேன்.

ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். அக்ரிலிக் மேல் அக்ரிலிக் ஒட்டிய இடங்கள் இன்றுவரை அசையவில்லை. அதற்குக் குளோரோஃபார்ம் விடுவார்கள். இரண்டு பக்கமும் லேசாகக் கரைந்து ஒன்றாகிவிடும். ஆனால் அந்தப் பட்டறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சின்னப் பையன்கள் அதை வெறும் மூக்கோடு கையாள்வதைப் பார்த்தேன். குளோரோஃபார்ம் ஆவி ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கடை போர்டு வியாபாரத்துக்கு வாங்கியது, அங்கே எடுபடாது என்று சிலர் சொன்னார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். வழி தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். ஃபிலிமோடு கழன்ற எழுத்துகளைத் துடைக்காமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன், போட்டோவும் இருக்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்தால் உடைந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

புது போர்டுக்கு அந்தப் பெரியவரிடமே கொடுத்திருக்கிறேன். எந்த இடத்தில் எந்தப் பசை, எத்தனை ஸ்டட், ஃபிலிம் முழுக்க உரித்த பிறகே ஒட்டுவது, மாட்டுவதற்கு முன் பின்பக்கத்தை போட்டோ எடுத்துத் தருவது என்று எல்லாம் பில்லிலேயே எழுதச் சொன்னேன். முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார். எழுத மாட்டேன் என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிய போர்டு இருந்தால் இன்றைக்கே ஏணி போட்டு ஒவ்வொரு எழுத்தையும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஃபிலிம் நீட்டிக்கொண்டிருந்தாலோ எழுத்து ஆடினாலோ மறுபடி ஒட்டக் காத்திருக்காமல் உடனே கழற்றி வைத்துவிடுங்கள்.