பாலியோ 1.6-உடன் எட்டு வருடம்: தெருவிலும் டிராக்கிலும்

2016-ல் இந்த 2003 மாடல் ஃபியட் பாலியோ 1.6 ஜிடிஎக்ஸை கோயம்புத்தூரில் வாங்கினேன். பெட்ரோல் குடிக்கும், பாகம் கிடைக்காது என்று பலரும் ஒதுக்கிய வண்டி. எனக்கு வேண்டியிருந்தது அதன் 1596 சிசி, 16 வால்வு எஞ்சின். ஏறத்தாழ ஒரு டன் எடைக்கு 100 பிஎச்பி. அதைவிட, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ரோடு என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியும். வாரநாளில் ஆபீஸ், வருடத்தில் நாலைந்து ஞாயிறு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக், எப்போதாவது சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக். எட்டு வருடமாக இதுதான் அதன் வாழ்க்கை.

வாங்கியதும் பவர் ஏற்றும் ஆசையோடுதான் மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் ஸ்க்ரூடிரைவரை வைத்து நெம்பிக் காட்டினார். "பவரெல்லாம் அப்புறம் பாக்கலாங்க தம்பி. மொதல்ல இந்த ரப்பரத் தொட்டுப் பாருங்க, வறட்டியாட்டம் இருக்குது." முதல் வருடப் பணம் முழுக்க அதற்கே போனது. ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்ட், ஸ்டிரட்டின் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட், கூலன்ட் ஹோஸ், தெர்மோஸ்டாட். லோயர் ஆர்முக்கு மட்டும் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் புஷ் கடைந்து வாங்கினேன். குண்டும் குழியுமான ரோட்டில் சத்தம் கூடியது உண்மை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது முன்சக்கரம் அலைபாய்வது அன்றோடு நின்றது. பழைய வண்டியை டியூன் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். பதின்மூன்று வருட ரப்பரின் மேல் எந்தப் புதுப் பாகத்தைப் போட்டாலும் அதன் வேலை தெரியாது.

பிரேக்கில் நான் பட்ட பாடு வேறு. இரண்டாவது டிராக் நாளில், ஐந்தாவது லேப்பில் (சுற்றில்), நேர்ப்பாதை முடியும் இடத்தில் பெடல் தரைவரை போய்விட்டது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்து, கியரைக் குறைத்து, புல்லில் இறங்கி நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை நடுக்கம் நிற்கத்தான் வெகுநேரம் ஆனது. பேடும் டிஸ்க்கும் நன்றாகவே இருந்தன. பழுது, நான் மாற்றாமல் விட்ட பிரேக் ஆயிலில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். சூட்டில் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்தால், பெடலை மிதிக்கும் விசை அந்த ஆவியை அமுக்குவதிலேயே போய்விடும். இப்போது ஒவ்வொரு டிராக் நாளுக்கும் முந்தின வாரம் புது ஆயில், சூடு தாங்கும் பேட், பம்பருக்கு அடியிலிருந்து டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோக ஒரு ஹோஸ். கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி ஆறவிடுகிறேன். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கட்டை வைக்கிறேன்.

அடுத்தது டயர். 15 அங்குல வீலுக்கு ஆசைப்பட்டுக் கணக்குப் போட்டேன். 195/55 ஆர் 15 போட்டால் விட்டம் சுமார் 596 மி.மீ.; 185/60 ஆர் 14 என்றால் 578. பெரிய சக்கரம் கியரை நீட்டும், அதாவது இழுவை குறையும்; எடையும் கூடும். கரி டிராக் 2.1 கிலோமீட்டர்தான். ஒவ்வொரு வளைவிலிருந்தும் வெளியே இழுக்கும் வேகம்தான் அங்கே முக்கியம். 14 அங்குலத்திலேயே நின்றேன், வருத்தமில்லை.

ஆனாலும் வளைவில் மூக்கு வெளியே ஓடியது. டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு மூன்று லேப் ஓட்டினேன். வெளி ஓரத்துக் கோடு சுத்தமாக அழிந்திருந்தது, உள் ஓரத்தில் அப்படியே இருந்தது. ஸ்டிரட்டின் மேல் போல்ட்டை, சக்கரத்தின் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட்டாக மாற்றி, முன்சக்கரங்களின் மேல்பக்கத்தை ஒன்றரை டிகிரி உள்ளே சாய்த்தோம். பின் டயரில் முன்னதைவிட 4 பிஎஸ்ஐ கூடுதல் காற்று. சில நூறு ரூபாய் போல்ட்டும் இனாம் காற்றும் சேர்ந்து, அதே டயரில் லேப்புக்கு ஒன்றரை வினாடி குறைத்தன. இந்த எட்டு வருடத்தில் என்னை இவ்வளவு சந்தோஷப்படுத்திய வேலை வேறில்லை. மழை வந்தால் மட்டும் முதல் காரியமாகப் பின் டயர் காற்றைக் குறைத்துவிடுகிறேன். ஈரத்தில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடும்.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, ஆக்சிஜன் சென்சாரையும் பிளக்கையும் மாற்றியதில் தொலைந்திருந்த இழுவை திரும்பி வந்தது. சைலன்சரைத் தொடவில்லை. நம்பர் பிளேட்டோடு தெருவில் ஓடும் வண்டி, இஷ்டத்துக்கு மாற்றியமைப்பதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. டிராக் நாளில் பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றி வைத்துவிடுவேன், அவ்வளவுதான். டைமிங் பெல்ட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருடக் கணக்கில் மாற்றுங்கள். கேம் ஷாஃப்டைப் பூட்டிவைக்கும் கருவி உள்ளவரிடமே கொடுங்கள்.

பாகங்களுக்கு கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகள், சென்னைக்குப் போகும்போது புதுப்பேட்டை. ஃபியட்டின் சியனா, பெட்ரா வண்டிகளின் பல சாமான்கள் இதற்கும் சேரும். முன்சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் ஒன்று, இரண்டு டிரைவ் ஷாஃப்ட் எடுத்துவைத்திருக்கிறேன். இந்த வருடம் இரண்டாவது கியர் சூட்டில் முரண்டு பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, கியரை உரசாமல் விழவைக்கும் சின்க்ரோ தேய்ந்திருக்கும் என்கிறார் மெக்கானிக். தீபாவளி முடிந்ததும் கியர்பாக்ஸை இறக்குகிறோம். ஒரு பழைய சியனா 1.6-இன் பெட்டி உக்கடத்தில் எனக்காக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.