நான்கு ஆண்டுக் கான்கிரீட்டும் மூன்று நாள் தார் ஒட்டும்

அம்மாப்பேட்டை நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்து, தங்கள் தெருவின் பழைய தார் சாலைமேல் கான்கிரீட் போடப் பேச்சு நடக்கிறது, நான்கு ஆண்டுகளாக நீங்கள் அப்படிப்பட்ட சாலையில்தானே இருக்கிறீர்கள், ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு மூன்று நாட்களுக்கு முன்புதான் என் மண்டி வாசலில் குடிநீர்க் குழாய் உடைப்பைச் சரிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

எங்கள் செவ்வாய்ப்பேட்டைத் தெருவுக்கு வரும் லாரிகள் மூட்டை இறங்கும்வரை ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்கும். சித்திரை வெயிலில் இளகும் தார் அந்தப் பாரத்தில் அமுங்கி, சக்கரத் தடம் இரண்டு வாய்க்கால்களாகவே ஆகிவிடும். எத்தனை முறை புதுத் தார் போட்டாலும் அடுத்த கோடைக்குள் பழைய கதைதான். கான்கிரீட் போட வந்தபோது முதலில் இயந்திரத்தால் தாரின் மேற்பரப்பைச் சுரண்டித் தூசியை ஊதித் தள்ளினார்கள். சுரண்டிய தாரோடு கான்கிரீட் நன்றாக ஒட்டிக்கொண்டால் இரண்டும் ஒரே பலகைபோலச் சேர்ந்து பாரம் தாங்கும் என்பதால்தான் 150 மி.மீ. கனமே போதுமானதாக இருக்கிறது. அது இறுகத் தொடங்கியதும், அன்றிரவே, மீட்டருக்கு மீட்டர் சதுரக் கட்டங்களாக, கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுத்தார்கள். பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் கான்கிரீட்டின் மேலும் கீழும் வெவ்வேறு அளவில் நீண்டு சுருங்குவதால் பெரிய பலகை ஓரம் வளைந்து கண்டபடி வெடிக்கும். சிறிய கட்டத்தில் அந்த இழுவிசை குறைவு. பிறகு கான்கிரீட் ஈரம் காயாமல் இறுகுவதற்காக இரண்டு வாரம் அதன்மேல் ஈரச் சாக்கு. வியாபாரம் படுத்தது, அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

ஏனென்றால் அதன்பின் நான்கு கோடைகளில் ஒரு தடம்கூட விழவில்லை. தள்ளுவண்டிக்காரர்கள் ஒற்றை ஆளாக மூட்டை கொண்டுபோகிறார்கள். தெருவிளக்கின் வெளிச்சம் முன்பைவிடத் தூரம் பரவுகிறது. மண்டிக்கு மேலேயே வீடு என்பதால் என் மனைவிக்கு மட்டும் ஒரு குறை: கறுத்த தாரில் பளிச்சென்று தெரிந்த வெள்ளைக் கோலம், வெளுத்த கான்கிரீட்டில் இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியிருக்கிறது. செம்மண் பூசிப் பார்த்தார். லாரி டயர் விட்டுவைக்கவில்லை.

இப்போது குழாய்க்கு வருகிறேன். கட்டம் கட்டமாக அறுத்திருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. எங்காவது தோண்ட நேர்ந்தால் கோட்டோடு கோடு அறுத்து அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்து, வேலை முடிந்ததும் மீண்டும் கான்கிரீட்டாலேயே நிரப்பிவிடலாம். வந்தவர்களோ கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உடைக்கும் இயந்திரத்தை மூன்று கட்டங்களின் நடுவே இறக்கி, கடித்த முறுக்கைப்போல ஒரு பள்ளம் பறித்து, குழாயைச் சரிசெய்து, மண்ணைத் தள்ளி, அதன்மேல் தாரைக் கொட்டி மூடினார்கள். தார் தாங்கவில்லை என்றுதானே அதன்மேல் கான்கிரீட் போட்டோம்? மூன்றாம் நாளே அந்த ஒட்டு இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. தள்ளுவண்டியின் முன்சக்கரம் அதில் சரியாக மாட்டுகிறது. பக்கத்துக் கட்டத்தின் முனையிலும், அடியில் மண் கெட்டிப்படாததால், மயிரிழை வெடிப்பு ஒன்று ஓடுகிறது.

நியாயமாகப் பேசினால், அந்த ஆட்கள்மீது குறை சொல்ல முடியாது. நள்ளிரவு இரண்டு மணிவரை சேற்றில் நின்று தெருவுக்கே தண்ணீர் கொடுத்தார்கள். நானே தேநீர் வாங்கிக் கொடுத்தேன். கான்கிரீட் போடுவதற்கு முன்பே, அடியில் கிடக்கும் பழைய குழாயை மாற்றிவிடுங்கள் என்று நாங்கள் நான்கைந்து கடைக்காரர்கள் கேட்டபோது, அது வேறு பிரிவு என்று பதில் வந்ததே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இவ்வளவு நேரம் நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னீர்கள்?" என்றார். நன்றாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வேண்டாம் என்றேன். குழாயை மாற்றிய பிறகு கேளுங்கள், அப்போது வேறு பதில் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

இன்று காலை கடை திறக்க இறங்கினால், அந்தத் தார் ஒட்டின்மேல் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று பளிச்சென்று இருக்கிறது. தெருவில் கோலம் எடுபடும் ஒரே இடம் இதுதான் என்கிறார் என் மனைவி.