விரிசல் விட்ட பிரேக் டிஸ்க்கை மாற்றினார்கள். காரணத்தைத் தொடவே இல்லை

ஏழு மாத இடைவெளியில் என் காரின் வலது முன்சக்கர பிரேக் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, இரண்டு முறை விரிசல் விட்டது. இரண்டு முறையும் போனது ஒரே பட்டறைக்கு. முதல் முறை இரண்டு முன்சக்கரங்களுக்கும் புதிய டிஸ்க், அதை இருபுறமும் உரசிப் பிடிக்கும் புதிய பேட், அந்த பேடுகளை அழுத்தும் கவ்விக்கு ‘காலிப்பர் சர்வீஸ்’ என்று பில் போட்டுப் பணம் வாங்கினார்கள். இரண்டாவது முறை, “நீங்கள் பிரேக்கை அழுத்தி ஓட்டுகிறீர்கள் சார், டிஸ்க் என்ன செய்யும்?” என்று பழியை என் காலின் மேல் போட்டுவிட்டு, மறுபடியும் அதே மூன்றுக்கும் மதிப்பீடு எழுதி நீட்டினார்கள். குழந்தைகள் ஏறும் வண்டி அது. பயத்தில் கையெழுத்துப் போடவே இருந்தேன்.

ஒரு கேள்விதான் தடுத்தது. மிதிப்பது ஒரே கால். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் போகும் அழுத்தமும் ஒன்றே. என் ஓட்டுதல்தான் குற்றம் என்றால் இடது டிஸ்க்கும் அல்லவா வெந்திருக்க வேண்டும்? அது பளபளவென்று இருந்தது. இதற்குப் பட்டறையில் பதில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாக, மிகக் குறைந்த தூரத்தில் இருந்த இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். இப்போது நினைத்தால் அந்தத் தூரத்தைக்கூட ஓட்டியிருக்கக் கூடாது.

அவர் முதலில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். இடது பக்கம் இலகுவாகச் சுற்றியது, வலது பக்கம் பிடித்தது. காலிப்பரில் காற்று எடுக்கும் திருகைச் சற்றே தளர்த்தினார். உள்ளே அழுத்தம் தேங்கியிருந்தால், அதாவது பிரேக் ஆயில் வரும் ஹோஸ் குழாய் உட்புறம் அடைத்திருந்தால், அப்போதே சக்கரம் விடுபடும். விடுபடவில்லை. அப்படியானால் கோளாறு காலிப்பரில்தான் என்றார். இரண்டு நிமிடச் சோதனை. இதற்கு எந்தக் கருவியும் பெரிதாக வேண்டியதில்லை.

காலிப்பரைக் கழற்றியதும் எல்லாம் வெளியே வந்தது. உள்பக்க பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்க பேடில் பாதிக்குமேல் மிச்சம். காலிப்பர் நகர்வதற்கான கீழ் ஸ்லைடு பின் துருவேறி இறுகியிருந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து உள்ளே தண்ணீர் போயிருந்தது. இந்த வகைக் காலிப்பரில் பிஸ்டன் உள்பக்க பேடைத் தள்ளும். அந்த எதிர்விசையில் காலிப்பர் உடல் பின்களின்மேல் நகர்ந்து வெளிப்பக்க பேடை இழுத்துப் பிடிக்கும். பின் நகராவிட்டால் ஒரே பேட் சுமை முழுவதையும் தாங்கும். காலை எடுத்த பிறகும் முழுதாக விலகாது. ஏழு மாதங்களுக்கு முன் சர்வீஸ் செய்த பின்னில் இத்தனை துரு ஏறாது. அந்த உறையை யாரும் திறந்ததே இல்லை. பணம் மட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

டிஸ்க்கும் அதையேதான் சொன்னது. உள்முகத்தில் நீலத் திட்டுகள், நடுவிலிருந்து வெளிநோக்கிய மயிரிழைக் கோடுகள். அவற்றில் ஒன்று விளிம்பையே தொட்டிருந்தது. வார்ப்பிரும்பின் மேற்பரப்பு சூட்டில் விரியப் பார்க்கும். குளிர்ந்த உட்பகுதி விடாது. நசுங்கிப்போன அந்த மேல்தோல் ஆறும்போது சுருங்கி இழுபடும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. இப்படிச் சூடேறிச் சூடேறி ஆறினால் கோடு விழும், கோடு ஆழமாகும். நகத்தில் தட்டாத குட்டிக் கோடுகள் கடுமையாக உழைத்த டிஸ்க்கில் வரக்கூடியவை. விளிம்பைத் தொட்ட விரிசலோடு வண்டியை நகர்த்தவே கூடாது.

விரிசல் டிஸ்க்கின் நடுவில் தொப்பிபோல் புடைத்த பகுதியில் இருந்தால் கதை வேறு: டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் ஹப்பில் துரு, அல்லது வீல் நட்டுகளை ஒழுங்கில்லாமல் இறுக்கியது. என் வண்டியில் விரிசல் அங்கே இல்லாவிட்டாலும் அந்தத் தவறுகளும் இருந்தன. ஹப்பின் துருவைச் சுரண்டாமலே அதன்மேல் புது டிஸ்க்கை மாட்டியிருந்தார்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியதை நானே பார்த்தேன். இறுக்கும் விசையை அளந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் யார் கையிலும் இல்லை.

இன்னொன்று. இறக்கங்களில் பிரேக் மிதி மெத்தென்று இறங்குவதை முதல் முறையே சொல்லியிருந்தேன். “பழகிவிடும்” என்றார்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 ஆகிவிடும். பிடித்துக்கொண்டிருக்கும் காலிப்பரின் சூடு அந்தப் பழைய ஆயிலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கொதித்து ஆவியானால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இதைப் பழகிக்கொள்ளச் சொன்னவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்களிடம் யாராவது டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்றால், கழற்றிய நான்கு பேடுகளையும் வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்லைடு பின்னை உங்கள் கண்முன் கையால் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்த எண்ணைக் கேளுங்கள். கோபப்படுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பழைய பாகங்களை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பின், உறை, ஆயில், இரண்டு டிஸ்க்குகள் எல்லாம் மாற்றிய பிறகு பழைய பட்டறைக்குப் போய், முதல் முறை கழற்றிய டிஸ்க்கையும் பேடுகளையும் கேட்டேன். அன்றே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள்.